பைக்கு ஒரு கரித்துண்டு

கமலாம்பிகை ரீச்சருக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைப் பற்றி ஏதாவது நினைப்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்து ஐந்து வருடமாகியும் அந்தப் பதினெட்டு வருடம் அவரை விட்டு இறங்கவில்லை. கைப்பையில் எப்போதும் கோடு போடும் அடிமட்டம் ஒன்று இருக்கும். பஸ் பிந்தி வந்தால் சாரதியிடம் காரணம் கேட்பார். காரணம் திருப்தியாக இல்லாவிட்டால் இறங்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிளேஸ்டோவில் நாங்கள் ஆறு பேர் அறை எடுத்திருந்த வீட்டில் குளியலறைக் கதவுக்கு நேர அட்டவணை போட்டு ஒட்டியவரும் அவர்தான். எனக்கு ஆறு பத்திலிருந்து ஆறு இருபத்திரண்டு வரை. பன்னிரண்டு நிமிடத்தில் குளித்து, சவரமும் செய்துகொண்டு வெளியே வரப் பழகிவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அதே பன்னிரண்டு நிமிடம்தான்.

நான் இராஜேந்திரன். பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்ட். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்றும் எனக்கு இருந்தது. எங்கள் தெருத் தமிழ் ஆட்களின் போர்ம் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுப்பவன் நான். கவுன்சில் போர்ம், பெனிபிட் போர்ம், பள்ளிக்கூடப் போர்ம், எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் எனக்குத் தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொஞ்ச இங்கிலீஷும் நிறையத் துணிச்சலும் என்னிடம் இருந்தன. அந்தத் துணிச்சல்தான் ரீச்சரை மாட்டிவிட்டது.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று மே மாதம், பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் ரீச்சருக்கு உதவியாள் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரமாக்கலாம் என்றார்கள். அந்த நிரந்தரத்துக்காக அவர் எப்படிக் காத்திருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவர் இறந்த அடுத்த வருடம் மகளைக் கொழும்பில் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாக வெளிக்கிட்டு வந்தவர் அவர். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் ஐந்து வருடமாகிவிட்டது. சிவகௌரி வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் சித்தியோடு இருந்தாள். வரும் டிசம்பர் ஒன்பதாம் திகதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குள் அவளுடைய விசா விண்ணப்பம் கொழும்பு பிரிட்டிஷ் அலுவலகத்தில் போய்ச் சேர வேண்டும், தாய்க்கு நிரந்தர வேலை என்ற கடிதம் அதோடு இருக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

ஆகவே ரீச்சர் அந்தச் சமையலறையில் ஒரு பிழையும் விடவில்லை. மீன் துண்டுகளைத் தட்டில் சமாந்தரமாக அடுக்கினார். பட்டாணியை எண்ணிப் போட்டார், பிள்ளைக்கு நாற்பது. முதலில் சிரித்த தலைமைச் சமையல்காரி பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். உனக்குக் கூட, எனக்குக் குறைய என்ற சண்டை அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லாமலே போய்விட்டதாம்.

ஒக்டோபர் நடுவில் தலைமை ஆசிரியை மிஸஸ் பென்னிங்டன் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். முப்பத்தோராம் திகதி வியாழக்கிழமை பள்ளி விட்டபிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேருக்கு ஹலோவீன் விருந்து. வீட்டில் சுலபமாகச் செய்யக்கூடிய தின்பண்டங்கள் என்று கீழே ஆறு செய்முறை. மாஷ்மலோவுக்குச் சொக்கிலேற்றால் கண் வைத்தால் பேய். பிஸ்கற்றில் கறுப்பு இனிப்பு நாடாவை ஒட்டினால் சிலந்தி. பச்சை ஜெலிக்குள் இனிப்புப் புழுவை இறக்கினால் சேற்றுக்குளம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கொரு பை கட்ட வேண்டும், விரும்பிய ஊழியர்கள் உதவலாம் என்று முடிந்திருந்தது.

ரீச்சர் விரும்பினார். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மனுஷி கேட்கும்போது விரும்பாமல் என்ன செய்வது. முதல் வேலையாகச் சிவப்புப் பேனையை எடுத்தார். படத்திலிருந்த சிலந்திக்கு ஆறு கால்தான் இருந்தது. இரண்டு காலைக் கீறிச் சேர்த்துவிட்டு, இது என்ன பண்டிகை என்று என்னிடம் கேட்டார்.

நான் அதுவரை ஒரு ஹலோவீனையும் கிட்ட நின்று பார்த்தவனல்ல. பெற்றோல் ஷெட் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான். ஆனாலும் சொன்னேன்.

"அண்டைக்குப் பேயெல்லாம் வெளிக்கிட்டு வருமாம், ரீச்சர். பிள்ளையள் பலகாரப் பையோடை இருட்டுக்குள்ளை வீடு வீடாத் திரிவினம்."

பேய் வரும் என்றது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"பலகாரத்தோடையோ? எண்ணெய்ப் பலகாரமும் இருக்குமோ?"

"இருக்கும்."

"கரி போட்டு விடுவினமோ?"

பொழுதுபட்ட பிறகு பொரித்த பலகாரமோ இறைச்சிக் கறியோ வெளியே கொண்டுபோவதென்றால் அதற்குள் ஒரு கரித்துண்டு போட்டுவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வாசனை பிடித்துக்கொண்டு பேய் பின்னால் வராது என்பார்கள். இங்கே ஒருத்தரும் அப்படிப் போடுவதில்லை என்று சொன்னேன்.

ரீச்சர் யன்னலுக்கு வெளியே பிளேஸ்டோவைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பேய் வாற நாளெண்டு தெரிஞ்சும் போடுறேல்லையோ? என்ன பொறுப்பில்லாத சனம்."

நீங்கள்தான் பேயை நம்புவதில்லையே என்று மெல்லக் கேட்டேன். நம்பவில்லைத்தான், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். 

மாஷ்மலோ வேண்டாம் என்று முடிவாயிற்று. சொன்ன செய்முறைகள் எல்லாம் சுலபமானவை ஆயிற்றே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். சுலபம் என்றால் கவனமில்லாமல் செய்யலாம் என்று அர்த்தம், அறுபது பிள்ளைகளின் வயிற்று விஷயம் அப்படிச் செய்ய ஏலாது என்றுவிட்டார். அவர் தெரிந்தெடுத்தவை இரண்டு. எள்ளுருண்டை ஒன்று, கறுப்பாக இருப்பதால் பண்டிகைக்கும் பொருத்தமாம். மற்றது சிப்பி. அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டி, பொரித்து, சீனிப்பாகில் பிரட்டுவது. ஒரு பைக்கு இரண்டு உருண்டை, பத்துச் சிப்பி. அறுபது பைக்கு எத்தனை என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வேறு வீடு தேடியிருப்பேன்.

எள்ளுக்காக என்னை வெம்பிளிக்கு அனுப்பினார். ஆறு புதுச் சீப்பு மருந்துக்கடையில் வாங்கிவந்து, கொதிநீரில் அவித்து, வீட்டிலிருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று தந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குடும்பஸ்தர்களும் கட்டைப் பிரம்மச்சாரிகளுமாக நாங்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து சீப்பில் மா அழுத்தினோம். வரி கோணலாக விழுந்த சிப்பியை ரீச்சர் எடுத்துத் திரும்பவும் எங்கள் முன்னால் வைப்பார். எள்ளு வறுத்தபோது புகை மணி அலறத் தொடங்கியது. அவர் கதிரையில் ஏறி நின்று, நான் நிரப்பி வைத்திருந்த யாரோ ஒருவரின் பெனிபிட் போர்மால் அதற்கு விசிறிக்கொண்டே, கையை நிறுத்தாமல் கிண்டு என்று கீழே அடுப்படியில் நின்றவருக்குக் கட்டளையிட்டார்.

கரி என் பொறுப்பு. எங்கள் ஷெட்டில் கோடைகாலம் விற்றது போக மிஞ்சிய பார்பிகியூக் கரி கிடந்தது. முதல் கொண்டுபோன பையை ரீச்சர் மணந்து பார்த்துவிட்டு மூன்றடி தள்ளி வைத்தார். சுலபமாகப் பற்றுவதற்காக மண்ணெண்ணெய் போல எதிலோ ஊறப்போட்ட கரி அது. பேயை மறிக்கப் போய்ப் பிள்ளையைக் கொளுத்தப் பார்க்கிறீரோ என்று கேட்டார். இரண்டாவது பை வெறும் மரக்கரி. அதைக் கழுவி, மெல்லிய சூட்டுப் போறணையில் காயவைத்து, சுத்தியலால் உடைத்து, தராசில் நிறுத்தார். ஒவ்வொன்றும் ஐந்து கிராம். கூர் இருந்தால் அரத்தாளில் தேய்த்து உருட்டினார்.

உருட்டியதுதான் வினை. எள்ளுருண்டையும் கறுப்பு, கரியும் கறுப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். பையைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கே எது எது என்று தெரியவில்லை. சொன்னேன். அவர் பையில் கட்டியிருந்த லேபலைக் காட்டினார். எல்லா லேபலும் அவர் கைப்பட இங்கிலீஷில் எழுதியது, முத்துமுத்தான எழுத்து. எள், பனங்கட்டி, அரிசிமா, தேங்காய்ப்பால், எண்ணெய், சீனி, கரி ஒன்று. அதற்குக் கீழே கோடு போட்டு, கரியைச் சாப்பிட வேண்டாம்.

"லேபலை வாசிக்காதவைக்கு நான் என்ன செய்யிறது?" என்றார்.

விருந்தன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கிக் காவப் போனேன். மண்டபம் முழுக்கப் பேய். படுக்கைவிரிப்புப் பேய், குப்பைப்பை வௌவால், முகத்துக்குப் பச்சை பூசிய சூனியக்காரிகள். எலும்புக்கூடு வேடம் போட்ட ஒரு பெடியனை ரீச்சர் மறித்து விலா எலும்புகளை எண்ணினார். இரண்டு சோடி குறைவு என்று அவனுடைய தாய்க்குச் சொன்னார். மிஸஸ் பென்னிங்டன் லேபலை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கரி ஒன்று என்பது ஹலோவீன் பகிடி என்று நினைத்துவிட்டார். எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே பைகளைக் கொடுத்தார்.

பிள்ளைகளில் ஒருத்தரும் கரியைத் தின்னவில்லை. ஒரு சின்னப் பெட்டை இது என்ன என்று கேட்க, இருட்டில் போகும்போது பேய் கிட்ட வராது, வீடு போகும்வரை பையிலிருந்து எடுக்காதே என்று ரீச்சர் விளக்கினார். ஐந்து நிமிடத்தில் மண்டபம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்குப்பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். படுக்கைவிரிப்புப் பேய் ஒன்று கையை விரித்துக்கொண்டு வரும். மற்றப் பிள்ளை கரியை எடுத்து நீட்டும். பேய் அலறிக்கொண்டு விழும். பிறகு அந்தப் பேய் எழும்பித் தன் பையிலிருந்து தன் கரியை எடுக்கும். பேய்க்கும் பேய்ப் பயம். ஏற்பாடு செய்த விளையாட்டுகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, கரி அப்பி எல்லோருக்கும் மீசை முளைத்துவிட்டது.

மாட்டிக்கொண்டவர் பள்ளி நிர்வாக சபைத் தலைவர் மிஸ்டர் ஹார்ட்லி. இரத்தம் குடிக்கும் பேயாகக் கறுப்புப் போர்வையோடும் பிளாஸ்ரிக் கோரைப்பல்லோடும் வந்திருந்தார். அந்த வேடத்துக்குக் கண்ணாடி பொருந்தாது என்று கழற்றி வைத்திருந்தார். ரீச்சர் மேலதிகமாகக் கட்டியிருந்த பை ஒன்றை எடுத்தார். எள்ளுருண்டை ஒன்றைத் தின்று அருமை என்றார். இரண்டாவதைத் தின்று அதைவிட அருமை என்றார். மூன்றாவதை முழு நம்பிக்கையோடு கடித்தார். வந்த சத்தத்தில் பேய்கள் எல்லாம் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. பிளாஸ்ரிக் பல் கையில் இருந்தது. வாயில் இருந்த தங்கப் பல் தரையில் கிடந்தது. மனுஷன் ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.

ரீச்சர் தங்கப் பல்லைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது லேபலையும் காட்டினார். அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அடுத்த நாள் கவுன்சிலுக்கு முறைப்பாடு போய்விட்டது. அந்த வருடம் யாரோ பிள்ளைகளின் இனிப்புக்குள் ஊசி வைத்தார்கள் என்றொரு கதை தெருத்தெருவாகத் திரிந்தது. அதற்குள் இதுவும் சேர்ந்துகொண்டது. கவுன்சிலில் இருந்து உணவு அதிகாரி வந்து விசாரிப்பார், முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று மிஸஸ் பென்னிங்டன் ரீச்சருக்குச் சொன்னார். நிரந்தரக் கடிதம் தட்டச்சு செய்து தன் மேசை லாச்சிக்குள் இருப்பதாகவும் சொன்னார். விசாரணை திறந்திருக்கும்போது அதில் கையெழுத்து வைக்க ஏலாதாம்.

ரீச்சர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். அன்றைக்குக் குளியலறை அட்டவணையை அவரே மீறினார். நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. வெளியே வரிசையில் துவாயோடு நின்ற நாங்கள் நான்கு பேரும் கதவைத் தட்டவில்லை. எனக்கு என்மேலேயே அடக்கமுடியாத கோபம் வந்தது. தெரியாது என்ற ஒரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தால் இந்த மனுஷி இப்படித் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழத் தேவையில்லை.

விசாரணை நவம்பர் பதின்மூன்றாம் திகதி. டிசம்பர் ஒன்பதுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிடத் திறம், ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றார். சின்ன வகுப்பில் வைத்து நடந்ததால் எல்லோரும் அரையடிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். கவுன்சில் அதிகாரி மிஸ்டர் கிறிம்ஷா ஆறடிக்கு மேல். மிஸ்டர் ஹார்ட்லி ஒரு பக்கக் கன்னம் வீங்கியபடி இருந்தார்.

மிஸ்டர் கிறிம்ஷா கெட்டவரல்ல. அவருக்குக் கோப்பை மூடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். உணவுக்குள் அந்நியப் பொருள் என்பது முறைப்பாடு. போர்மில் ஆணி, கண்ணாடி, பூச்சி, மயிர் என்று கட்டங்கள் இருந்தன, கரிக்குக் கட்டம் இல்லை. அதோடு லேபலிலேயே கரி ஒன்று என்று எழுதியிருப்பதால் அது அந்நியப் பொருள் இல்லை, சேர்மானம் என்றார். சேர்மானம் என்றால் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து விரலால் தேடிக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நின்று முகம் மலர்ந்தார். மரக்கரித் தூள், அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி, இலக்கம் ஈ நூற்றைம்பத்து மூன்று. பேய்க்குப் போட்ட கரிக்கு ஐரோப்பாவில் இலக்கம் இருந்தது.

மளமளவென்று ஒரு வாக்குமூலம் எழுதினார். கரி நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டது, துண்டுகள் தவறுதலாகப் பெரிதாகிவிட்டன. கீழே கையெழுத்து வைத்தால் கோப்பு மூடப்படும். மிஸஸ் பென்னிங்டன் அந்த நிமிடமே தன் அறைக்குப் போய் லாச்சியில் இருந்த கடிதத்தை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டார். எனக்குத் தெய்வம் கண் திறந்தது போல இருந்தது.

ரீச்சர் தாளை இரண்டு தரம் வாசித்தார். பேனையை மூடினார். கரி நிறத்துக்காகப் போடவில்லை, தவறுதலாகப் பெரிதாகவும் இல்லை, ஒவ்வொன்றும் ஐந்து கிராம் நிறுத்துப் போட்டது, பேய் வராமல் போட்டது, ஆகவே கையெழுத்து வைக்க முடியாது என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னார்.

நான் தமிழில் கெஞ்சினேன். "ரீச்சர், பிள்ளையை நினைச்சு ஒருக்கா வையுங்கோ."

"அவளை நினைச்சுத்தான் வைக்கேல்லை, தம்பி." பேனையை மேசையில் வைத்தார். "பொய்யிலை கையெழுத்து வைச்சு அவளைக் கூப்பிட்டால், பேந்து நாளைக்கு அவள் ஒரு பொய் சொல்லேக்கை நான் எந்த முகத்தோடை கேக்கிறது?"

மேசையில் கடிதம் கிடந்தது. கையெட்டும் தூரம்தான். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல, அதே கையால் இரண்டு அறை விடவும் வேண்டும்போல இருந்தது.

மிஸ்டர் கிறிம்ஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் பேயை நம்புகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் ரீச்சர். அப்படியானால் ஏன் கரி என்றார்.

ரீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். கதவுப் பக்கம் சுவரில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று தொங்கியது. இந்த அறை எப்போதாவது தீப்பிடித்ததா என்று மிஸஸ் பென்னிங்டனைக் கேட்டார். கட்டிய நாளிலிருந்து இல்லை என்றார் அவர். இன்றைக்குத் தீப்பிடிக்கும் என்று நம்புகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை.

"பிறகேன் இந்த வாளி?" என்றார் ரீச்சர்.

மிஸ்டர் கிறிம்ஷா வாளியை நெடுநேரம் பார்த்தார். ஒரு காலத்தில் இந்த வாளிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்ததாகப் பிறகு சொன்னார். வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். கரி சேர்த்த நோக்கம் என்ற இடத்தில், முன்னெச்சரிக்கை என்று எழுதினார்.

ஆனால் முன்னெச்சரிக்கை என்றால் போர்மில் வேறொரு பக்கம் திறக்கிறது. முன்னெச்சரிக்கை பலனளித்ததா, அசம்பாவிதம் ஏதும் நேர்ந்ததா என்று அதில் கேள்வி. வெள்ளைக்காரன் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டான். அன்று மாலை வீடு திரும்பிய பிள்ளைகளில் எவரையாவது பேய் பின்தொடர்ந்ததா என்று மிஸஸ் பென்னிங்டனை அவர் உத்தியோகபூர்வமாகக் கேட்டார். அவர் வரவு இடாப்பைக் கொண்டுவந்து விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் அறுபது பிள்ளைகளும் பள்ளிக்குச் சமுகம் தந்திருந்தார்கள். பொருட்காட்சிச் சாலையில் வைக்க வேண்டிய அந்தப் போர்மில், அசம்பாவிதம் அறுபதுக்குப் பூச்சியம் என்று பதிவாயிற்று. மிஸ்டர் ஹார்ட்லியிடம் லேபலை வாசித்தீர்களா என்று கேட்டார்கள். கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று அவர் தன் கன்னத்துக்குள்ளிருந்து ஒப்புக்கொண்டார்.

இனிமேல் கரியைத் தனியாகக் கடதாசியில் சுற்றிப் போடவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. அது நியாயம், அதை நானே யோசித்திருக்க வேண்டும் என்றார் ரீச்சர். தாளில் ஒரு பந்தி எண் தப்பாக இருந்ததைத் திருத்தினார். கையெழுத்து வைத்தார். மிஸஸ் பென்னிங்டனும் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் ரீச்சர் பள்ளி மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். கால் விறைத்துப்போச்சு, கதிரை சின்னன், அதுதான் என்றார். அன்று பின்னேரமே கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினோம். டிசம்பர் இரண்டாம் திகதி விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிவகௌரி வந்தது அடுத்த வருடம் ஜூன் மாதத்தில், ஒரு காலை விமானத்தில். ஹீத்ரோவுக்கு ரீச்சரோடு நான் போனேன். விமானம் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கொழும்பு விமானத்துச் சனம் எல்லாம் வந்து முடிந்து, வேறு ஊர்ச் சனம் வரத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம். ரீச்சர் மகளுக்கென்று வாங்கிய கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்றார். இரண்டு மணித்தியாலம். உள்ளே பிடித்துவிட்டார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் போதும் என்று அந்த நவம்பரிலேயே முடிவு செய்திருந்தேன்.

பிறகு அவள் வந்தாள். ஒல்லியாக, தாயைவிட ஒரு சாண் உயரமாக, தள்ளுவண்டியில் ஒரு சூட்கேசும் அதற்குமேல் ஒரு பிஸ்கற் ரின்னும். ரீச்சர் விட்டுவந்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளையை. இரண்டு பேரும் நாலடி தள்ளி நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அம்மா, கரியை எடுத்துப்போட்டாங்கள்."

அம்மாவுக்கென்று தானே முறுக்குச் சுட்டிருக்கிறாள். லொட்ஜில் இருந்து வெளிக்கிடும்போது பொழுதுபட்டுவிட்டது, கரி போட்டிருக்கிறாள். சுங்கத்தில் ரின்னைத் திறந்தவர்களுக்குக் கறுப்புக் கட்டி ஒன்று அகப்பட்டது. ஒரு நாயைக் கொண்டுவந்து மணக்க விட்டார்களாம், அது தும்மியதாம். வேறொரு நாயைக் கொண்டுவந்தார்களாம், அதுவும் தும்மியதாம். அதை ஏன் போட்டாய் என்று மூன்று அதிகாரிகள் மாறிமாறிக் கேட்டார்கள், மூன்று பேருக்கும் உண்மையைத்தான் சொன்னேன், அதுதான் பிந்திவிட்டது என்றாள்.

ரீச்சர் கைப்பையைத் திறந்தார். அடிமட்டத்துக்குப் பக்கத்திலிருந்து, கடதாசியில் ஒழுங்காகச் சுற்றிய ஒரு கரித்துண்டை எடுத்தார். ரின் மூடியைக் கழற்றி, முறுக்குக்கு நடுவில் அதை வைத்து, மூடியை இறுக்கி அமத்தினார். அதற்குப் பிறகுதான் மகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறு வருட அழுகையை அவர் அங்கேயே அழுது முடித்தார், நான் அவர்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே தள்ளுவண்டி வராமல் மறித்துக்கொண்டு நின்றேன்.

ஹீத்ரோவிலிருந்து பிளேஸ்டோவுக்கு ரயிலில் வந்தோம். ரின் என் மடியில் இருந்தது. வழியில் ஒரு அசம்பாவிதமும் நேரவில்லை.